கழற்றினால்தான் படகு

பாய்மரப் படகை எல்லோரும் வெளியே நின்றுதான் படம் பிடிக்கிறார்கள். வெள்ளைப் பாய், நீலத் தண்ணீர், ஒருக்களித்த பாய்மரம், பின்னால் ஒரு சூரியன். அதெல்லாம் காலண்டருக்குச் சரி. நாம் உள்ளே போவோம். மெத்தைக்கு அடியில், பலகைக்குப் பின்னால், கூரைத் துணிக்கு மேலே! பழைய படகின் சமாச்சாரம் எல்லாம் அங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கிறது. நல்ல சட்டை போட்டிருந்தால் மாற்றிக்கொண்டு வாருங்கள். ஏணி கொஞ்சம் ஆடும், பயப்படாதீர்கள்.

இடம்: இங்கிலாந்தின் தெற்குக் கரை, போர்ட்ஸ்மத்துக்குப் பக்கத்தில் ஒரு படகு யார்டு. காலம்: குளிர்காலம். இங்கே பல படகுக்காரர்கள் குளிர் தொடங்கியதும் படகைக் கரையேற்றிவிட்டு, வசந்தம் வரும்வரை தார்ப்பாய்க்குள் நுழைந்து குடைந்துகொண்டிருப்பார்கள். கதாநாயகி: வெஸ்டர்லி சென்டார், நீளம் 26 அடி, 1970களில் வார்த்தது. உரிமையாளர்: எங்கள் பக்கத்து வீட்டு நர்ஸ். வாழ்க்கையில் அவருக்கு இதுதான் முதல் படகு. வாங்கிய அன்று, “பெயிண்ட் அடித்துவிட்டால் கிளம்பிவிடலாம்” என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பழைய படகு வாங்கும் எல்லோரும் இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். அதன்பின் நடப்பதை வேடிக்கை பார்க்க டிக்கெட் கிடையாது. ஆனால் வேடிக்கை பார்க்க வருகிறவர் கையில் ஒரு சுரண்டியைத் திணித்துவிடுவார்கள், அதுதான் ஒரே சிக்கல்.

இந்தப் படகின் குலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெஸ்டர்லி நிறுவனத்தை 1963இல் தொடங்கியவர் டெனிஸ் ரெய்னர். இரண்டாம் உலகப்போரில் அட்லாண்டிக் கடலில் பிரிட்டிஷ் கப்பல்களுக்குக் காவல் போய், ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாடிய கடற்படை அதிகாரி. அந்த அனுபவத்தை வைத்து ‘தி எனிமி பிலோ’ என்று ஒரு நாவலும் எழுதினார். 1957இல் ராபர்ட் மிச்சம் நடித்து அது ஹாலிவுட் படமாகவே வந்துவிட்டது! அப்படிப்பட்ட மனிதர் கடைசியில் இறங்கிய வேலை, நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய சிறிய ஃபைபர் படகு செய்வது. அவர் 1967இல் காலமானார். அதற்குப் பிறகு லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைப்பு நிறுவனம் வரைந்து கொடுத்ததுதான் சென்டார். 1969 முதல் 1980 வரை 2,400க்கும் மேல் செய்து தள்ளினார்கள். தொழிற்சாலை இருந்த வாட்டர்லூவில் என்ற ஊர் இந்த யார்டுக்குக் கூப்பிடு தூரம்தான்.

சென்டாரின் கீழே குனிந்து பாருங்கள். கீல், அதாவது அடித்தண்டு, ஒன்று அல்ல, இரண்டு! இடதும் வலதுமாக இரும்பில் வார்த்த குட்டையான இரு கீல்கள். தண்ணீருக்குள் மூன்றடி ஆழம்தான் இறங்கும். ஓதம் இறங்கிக் கழிமுகம் வற்றிச் சேறாகிவிட்டால், ஒற்றைக் கீல் படகு பக்கவாட்டில் சரிந்து படுத்துவிடும். இது பாட்டுக்குக் காலூன்றி நிற்கும். ஆழமான, விலையுயர்ந்த மரினாவில் இடம்பிடிக்க வேண்டாம், சேற்றுப் பக்கமாக மலிவான இடத்தில் கட்டிப்போடலாம். பந்தயத்துக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். காற்றை எதிர்த்துப் போகும்போது கொஞ்சம் சோம்பல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் படகுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

இனி விலை. ஐம்பது வருடத்து சென்டார் ஒன்றைச் சில ஆயிரம் பவுண்டுக்கு வாங்கிவிடலாம். யார்டு வாடகை ஏறிக்கொண்டே போகிறதே என்று யார் தலையிலாவது கட்டிவிடப் பார்க்கிறவர்களும் உண்டு. ஏன் இவ்வளவு மலிவு? மரப்படகாக இருந்தால் கவனிக்காமல் விட்டதும் உளுத்துப்போய் மறைந்திருக்கும். ஃபைபர் மறையாது. அந்தக் காலத்தில் கண்ணாடி இழையைப் பிசினோடு சேர்த்து அடுக்கியவர்கள் தாராளக் கைக்காரர்கள், ஓடு தடிமன். ஐம்பது ஆண்டில் உள்ளே இருந்த மற்ற எல்லாமே ஆயுள் முடிந்து கிடக்க, ஓடு மட்டும் அசையாமல் நிற்கிறது. ஆக, முதல் படகுக்காரர் கொடுக்கும் பணம் ஓட்டுக்குத்தான். ஓட்டில் திருகியது, ஒட்டியது, செருகியது எல்லாவற்றுக்கும் பில் பின்னால் வரும். என்ன வரும் என்று விற்பவருக்கும் தெரியாது. கழற்றினால்தான் தெரியும்!

சரி, கழற்றுவோம்.

முதலில் கூரை. வெஸ்டர்லி படகுகளுக்கே உரிய பிரபலமான வியாதி இது. உட்கூரையில் மெல்லிய ஃபோம் வைத்த வினைல் துணியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். காலப்போக்கில் ஃபோம் பொடியாகிவிடும், துணி தொப்பை போட்டுத் தொங்கும். நர்ஸம்மா ஒரு மூலையைப் பிடித்து லேசாக இழுத்தார், அவ்வளவுதான். பழைய பஸ் சீட்டைக் கிழித்தால் கொட்டுமே, அதே மஞ்சள் தூள். தலையில், காதில், டீயில். முகமூடி போட்டிருந்தும் இருமல் நிற்கவில்லை. ஆனால் துணி விழுந்ததும் தெரிந்தது பாருங்கள் ஓர் உலகம்! மேல்தளத்தின் அடிப்பக்கம் முழுவதும் அப்பட்டமாக வெளிச்சத்துக்கு வந்தது. வெளியே கைப்பிடிக் கம்பி, கயிறு சுற்றும் வின்ச், கயிறு கட்டும் கொக்கி என்று என்னென்ன இருக்கிறதோ, அத்தனையின் ஆணி முனைகளும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஆணியிலிருந்தும் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்து இறங்கியிருந்தது. படகு எங்கெங்கே ஒழுகியது என்று தானே வரைந்து வைத்திருந்த படம்.

பழைய முதலாளிகளும் அங்கே ஆஜர்! எங்கும் போகாமல் பாதியில் நிற்கும் நான்கு நிற வயர்கள். ஓட்டையில் தீக்குச்சி செருகி ஆணி முறுக்கிய ஒரு மகானுபாவர். பலகை ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால், “இந்த ஆணியைக் கழற்றாதே.” காரணம் இல்லை, கையெழுத்தும் இல்லை. அந்த ஆணியைச் சுற்றி நாங்கள் அரைநாள் வாதம் செய்தோம். நர்ஸம்மா மெல்லக் கால் சுற்று திருப்பிப் பார்த்தார். மேல்தளத்தில் எங்கோ ‘டொக்’ என்று ஒரு சத்தம். உடனே முறுக்கிவிட்டார். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

ஒழுகலைக் கண்டுபிடிப்பதுதான் இந்த விளையாட்டின் உச்சம். தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. அணியத்தில் நுழைந்து, கூரையின் உட்புறமாகவே ஊர்ந்து, நாம் படுக்கிற தலையணைக்கு நேர் மேலே வந்து சொட்டும். அதற்கொரு வித்தை இருக்கிறது. தோட்டத்தில் இலை ஊதித் தள்ளும் ப்ளோயரின் வாயைப் படகின் கதவிடுக்கில் வைத்து, மற்ற துளைகளை எல்லாம் டேப் போட்டு அடைத்துவிட்டு, உள்ளே காற்றை நிரப்ப வேண்டும். வெளியே ஒருவர் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போக வேண்டும். எங்கே ஓட்டையோ அங்கே குமிழி! ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக் குமிழி, கைப்பிடிக் கம்பியின் காலடியில் குமிழி. கைதட்டிச் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் வட்டம் போட்டோம். முடித்துவிட்டுப் பார்த்தால் மேல்தளம் முழுக்க அம்மைத் தழும்பு.

வட்டம் போட்டதை எல்லாம் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, துளையின் விளிம்பைச் சற்று அகலமாக்கி, பியூட்டைல் டேப் வைத்து முறுக்கினால் பல வருடத்துக்குக் கவலை இல்லை. மேலே வெறுமனே சிலிக்கான் பூசி மழுப்புவது வேலைக்கு ஆகாது. அந்தக் காலத்துப் பல படகுகளில் மேல்தளம் இரண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துச் செய்தது. ஆணித்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பால்சா ஊறிக் கூழாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் ‘டக் டக்’ என்று பேசும், கெட்ட இடம் ‘தொப்’ என்று முனகும். யார்டில் யாராவது படகின் மேல் மண்டியிட்டு, காதை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தால் பூஜை என்று நினைக்க வேண்டாம்.

கீழே இறங்குவோம், தரைப்பலகையைத் தூக்குவோம். எனக்குப் பிடித்த இடம் இது. படகின் ஓட்டில் வேண்டுமென்றே போட்ட ஓட்டைகள் இங்கே இருக்கின்றன. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் வர ஒன்று, கழிப்பறைக்கு வரவும் போகவும் இரண்டு, பாத்திரத் தொட்டிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. வால்வு உடைந்தால், நான் விவரிக்க வேண்டியதில்லை. மலிவான பித்தளையில் செய்த வால்வாக இருந்தால் பித்தளையில் உள்ள துத்தநாகத்தை உப்புநீர் மெல்ல உறிஞ்சி எடுத்துவிடும். மிஞ்சுவது பஞ்சுபோன்ற செம்பு. வெளித்தோற்றம் மாறாது, நிறம் மட்டும் இளஞ்சிவப்பாகும். நர்ஸம்மா கழிப்பறை வால்வைச் சுரண்டினார். அழகான ரோஜா நிறம்! சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். கழுத்தோடு கையில் வந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த ஒரு விரல்கடைத் துண்டை நம்பி எத்தனையோ பேர் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அன்றே எல்லா வால்வையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. வெண்கலம் நல்லது. நார்கலந்த உறுதியான பிளாஸ்டிக்கிலும் இப்போது வருகிறது, அதில் அரிப்பு என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் ஒரு மெத்துமரக் கூம்பைக் கயிறு கட்டித் தொங்கவிடுவது மரபு. வால்வு போனால் ஓட்டையில் அடித்துச் செருகத்தான். படகிலேயே மிக மலிவான பாதுகாப்புக் கருவி.

கீல் மாட்டியிருக்கும் இடத்தையும் உள்ளிருந்து டார்ச் அடித்துப் பார்த்தாக வேண்டும். சேற்றில் இறங்கி ஏறி இறங்கி ஏறி, இரண்டு கால்களும் ஓட்டை நெம்பிக்கொண்டே இருந்திருக்கும். பல சென்டார்களில் பிற்பாடு உள்ளிருந்து ஃபைபர் அடுக்கி வலுவேற்றியிருக்கிறார்கள். இதில் யாரோ புண்ணியவான் ஏற்கெனவே செய்திருந்தார். தீக்குச்சிக்காரரை மன்னித்தோம்.

வெளியே ஓட்டின் அடிப்பாகம். பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க ஆண்டுதோறும் விஷம் கலந்த பெயிண்ட் அடிப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஐம்பது ஆண்டுப் பெயிண்ட்! சுரண்டினால் நீலம், அதன் கீழே சிவப்பு, கறுப்பு, மறுபடி நீலம். வேடிக்கையாக இருக்கிறதே என்று உலர்ந்தபடியே தேய்த்துவிடக் கூடாது. அடி அடுக்குகளில் வெள்ளீயச் சேர்மம் கலந்த பழைய பெயிண்ட் இருக்கலாம். பாசியைக் கொல்கிறேன் என்று சிப்பிகளின் ஓட்டையே கோணலாக்கிய சரக்கு அது. 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அதைப் பூச 1987இல் பிரிட்டன் தடை போட்டது. இந்தப் படகுக்கு அப்போதே நல்ல வயது. ஆகவே முகமூடி, கையுறை, ஈரத்தேய்ப்பு, கீழே விரித்த பிளாஸ்டிக் தாள்.

பெயிண்ட் போனதும் அடுத்த ஆச்சரியம், கொப்புளங்கள். ஃபைபரின் மேற்பூச்சு வழியாகத் தண்ணீர் மெல்ல ஊடுருவி உள்ளே உள்ள வேதிப்பொருளோடு சேர்ந்து அமிலமாகிக் கொப்புளிக்கிறது. ஆஸ்மோசிஸ் என்று பெயர். வாங்குபவரை விலை பேசும்போது நடுங்கவைக்கும் சொல். ஊசியால் குத்தினால் உள்ளிருக்கும் திரவம் பீய்ச்சியடிக்கும், கண்ணாடி அணியாமல் குத்தக் கூடாது. வாசனை? அசல் வினிகர்! ஆனால் இந்த வியாதியைப் பற்றிய பயம் வியாதியைவிடப் பெரிது. சில கொப்புளம் உள்ள ஐம்பது வருடப் படகு இன்னும் ஐம்பது வருடம் மிதக்கும். உடைத்து, கழுவி, நன்றாக உலரவிட்டு, எபாக்சி பட்டி வைத்து அடைத்தால் போதும். உலரவிடுவதுதான் கஷ்டம். இங்கிலாந்துக் குளிர்காலத்தில் எது உலர்கிறது?

எஞ்சினைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வால்வோ பென்டா டீசல், கிழவன், ஆனால் கிளம்பினான். குளிர்நீர் பம்பைத் திறந்தால் உள்ளே ரப்பர் சக்கரத்தில் சில இதழ்களைக் காணோம். காணாமல் போன இதழ்கள் குழாயில் எங்கோ அடைத்திருக்கும், எல்லாம் கிடைக்கும்வரை தேட வேண்டும். கிடைத்தன. இதையெல்லாம் எடுத்துவிட்டு மின்மோட்டார் வைக்கலாமே என்று யார்டில் ஆளுக்கொரு யோசனை. வைக்கலாம்தான், படகின் விலையைவிட அது அதிகம்.

மேம்படுத்துவது என்று வந்தால் நான் முதலில் கைவைக்கச் சொல்வது வயரில். பழைய 12 வோல்ட் வயரிங்கைப் பார்த்தால் மின்வாரியக்காரரே மயங்கி விழுவார். வீட்டு வயர், கார் வயர், டேப் சுற்றிய முடிச்சு, பச்சை பூத்த செம்பு. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஈயம் பூசிய செம்புக் கம்பியில் புதிதாகப் போடுவது பேரின்பம். பாய்மர உச்சியில் இரவு முழுவதும் எரியும் நங்கூர விளக்கில் பழைய 25 வாட் பல்பு இருந்தால் இரண்டு ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர்-மணி போயே போச்சு, காலையில் எஞ்சினைக் கிளப்பப் பேட்டரியில் தெம்பு இல்லாமல் போகலாம். அதே இடத்தில் இரண்டு வாட் எல்.இ.டி. வைத்தால் இரவு முழுக்க இரண்டு ஆம்பியர்-மணிகூடத் தொடாது. மேல்தளத்தில் ஒரு சூரியப் பலகை மாட்டினால் அதைப் பகலில் விளையாட்டாகத் திருப்பிக் கொடுத்துவிடும். பெரிய வண்ணத்திரை, ரேடார் என்று ஆசை காட்டும் விளம்பரங்கள் காத்திருக்கட்டும்.

ஏனென்றால் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் காத்திருக்காது. 19 இழை முறுக்கிய எஃகு, துருப்பிடிக்காதது என்று பெயர். இழைக்குள் உப்புநீர் தங்கினால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். மேலிருந்து வழியும் தண்ணீர் கீழ் முனையின் குழலுக்குள் இறங்கித் தேங்குவதால் முதலில் போவது கீழ் முனைதான். அந்த இடத்தில்தான் பழைய முதலாளிகள் பாய் கிழியாமலிருக்க டேப் சுற்றி அழகாக மறைத்திருப்பார்கள்! டேப்பைப் பிரித்து, பஞ்சை வைத்துத் தடவினால் அறுந்த இழையில் பஞ்சு மாட்டும். கையால் தடவினால் கை மாட்டும். பத்து வருடம் தாண்டிய கம்பியை மாற்றச் சொல்லி இன்ஷூரன்ஸ்காரர்கள் பலரும் கேட்கிறார்கள். கோபித்துக்கொண்டே மாற்றுங்கள்.

பக்கத்துப் படகுக்காரர் ஒருநாள் டீ நேரத்தில், “மலிவாக வாங்கியதாகச் சொல்கிறீர்களே, டாலி ஹோவின் விலை தெரியுமா?” என்று கேட்டார். படகுலகில் தெரியாதவர்கள் குறைவு. ஆல்பர்ட் ஸ்ட்ரேஞ்ச் வரைந்து 1910இல் கடலில் இறங்கிய மரக்கலம். 1927 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தில் புயலுக்குப் பயந்து மற்றவர்கள் திரும்பிவிட, முடித்த இரண்டே படகுகளில் ஒன்றாக வந்து வென்றது. பிற்பாடு அமெரிக்காவின் ஓரிகான் கரையில் சிதிலமாகக் கிடந்ததை லியோ சாம்ப்சன் கூல்டன் என்ற இளம் இங்கிலாந்துக்காரர் 2017இல் வாங்கினார். விலை ஒரே ஒரு பவுண்டு! கீலில் தொடங்கி ஏறக்குறைய ஒவ்வொரு மரமாக மாற்றி, கலப்பத்து அடித்து, பாய்மரம் நட்டு, 2024 ஏப்ரலில் வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்செண்டில் மறுபடி தண்ணீரில் இறக்கினார். ஏழு வருடம். இத்தனைக்கும் அவர் தேர்ந்த படகுத் தச்சர். ஒரு பச்சைக்கிளி வேறு கூடவே இருந்து வேலையைக் கெடுத்தது. யூடியூபில் போய்ப் பாருங்கள், கிளிக்கே ரசிகர்கள் தனி. நர்ஸம்மா கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “என்னுடையது ஃபைபர்” என்றார், ரொம்ப நிம்மதியாக.

வசந்தம் வந்தது. பட்டைகளில் தூக்கி, நான்கு சக்கர ராட்சத ஹாய்ஸ்ட் படகை ஊர்வலமாகக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் இறக்கியது. பட்டையை உடனே கழற்ற மாட்டார்கள். படகு அதிலேயே தொங்கிக்கொண்டு பாதி மிதக்கும், சொந்தக்காரர் உள்ளே இறங்கி எங்காவது தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, கட்டைவிரலைக் காட்டினால்தான் ஹாய்ஸ்ட்காரர் விடுவார். கரையில் நின்றவர்கள் எல்லோரும் கைபேசியில் வீடியோ. உள்ளே நாங்கள் தரைப்பலகையைத் தூக்கிவிட்டு, தலைகீழாக, டார்ச்சும் கையுமாக. வெண்கல வால்வு ஒன்று, காய்ந்திருக்கிறது. இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் காய்ந்திருக்கின்றன. அப்புறம் அடிக்குழியில், டார்ச் வெளிச்சத்தில், பளபளவென்று ஒரு சிறு குட்டை!

மேலே ஹாய்ஸ்ட்காரர், “என்ன, சரியா?” என்று கத்துகிறார். நர்ஸம்மா விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கடலா, இல்லையா என்று தெரிந்துகொள்ள இதைவிட விரைவான வழி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் ருசித்தார்.

“உப்பே இல்லை!” என்று கூவினார். “குடிதண்ணீர்த் தொட்டி. கிளிப்பை முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த ஸ்குரூ டிரைவரை இங்கே கொடுங்கள்.”